பாய் கடையிலிருந்து வந்த கும்பிடு

கல்லூரி மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் என் வீடு தேடி வந்தாள். உதவித்தொகைப் பிரிவில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறீர்கள், எல்லாம் ஆன்லைன் ஆனபிறகு எவ்வளவு சுலபமாகிவிட்டது என்று நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்றாள். நல்லதாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்லியிருப்பதைத் திருத்த வேண்டாம்.

ஏற்காட்டில் இந்தக் கல்லூரி தகரக் கூரையில் நடந்த காலத்தில் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு வந்தேன். பிறகு மணி அடித்தேன், தண்ணீர் பிடித்தேன், தேர்வுக்குப் பெஞ்சு தூக்கினேன். வேலை நிரந்தரமானதும் உதவித்தொகைப் பிரிவில் உதவியாளராகப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நான் பார்த்தது மூன்றாம் வகுப்பு வரைதான். அதற்கு வெட்கப்பட்டதும் கிடையாது, பெருமைப்பட்டதும் கிடையாது.

அப்போது அந்தப் பிரிவுக்குக் கண்காணிப்பாளர் மரகதம் அம்மா. அவரைப் பற்றி இனிக்க இனிக்க எழுத மாட்டேன். அவர் அறையில் ஒருநாள் கூட நாற்காலியில் உட்கார் என்று என்னிடம் சொன்னதில்லை. பஸ் காசு கேட்டால் ஒரு வாரம் முகம் கொடுக்க மாட்டார். ஆனால் வேலையில் அவருக்கு ஒரு முறை இருந்தது. மலைக்கிராமங்களிலிருந்து படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் போயிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து உதவித்தொகைக்குக் கையெழுத்து வேண்டும் என்று மேலிடத்திலிருந்து தாள் வரும். மரகதம் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். வைத்தால் நான் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம்.

"சரசு, போயிச் சொல்லிட்டேன்னு வந்து நிக்காத. அந்தப் புள்ள வாயால என்ன சொல்லுச்சோ அதை எனக்கு வந்து சொல்லு."

ஒருமுறை நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் கூலிக்காரர் லைன் வீட்டில் பெண் இல்லை, அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். "அவங்கம்மாவா காலேஜுல படிக்கிறா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த நாள் மழையில் மறுபடி போனேன். அந்தப் பெண், காப்பிச் செடிக்கு நடுவில் நின்றுகொண்டு, "வரமாட்டேனுங்க, எனக்குக் கண்ணாலம் பேசிட்டாங்க" என்றாள். அதையும் அப்படியே வந்து சொன்னேன். மரகதம் அம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "சரி, தெரிஞ்சாச்சு" என்றார். அந்தப் பெயருக்கு எதிரில் வராதவள் என்று எழுதவில்லை. கல்யாணம் என்று எழுதினார்.

நான் போய்ச் சொல்லி வந்த பிள்ளைகளை எண்ணி வைக்கவில்லை. எந்த ஊரில் எந்த மாதம் சாமி, எந்த மாதம் மிளகு பறிப்பு, எந்த வீட்டில் அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, இதெல்லாம் எனக்குத் தெரியும். நடந்த கால் கண்ட விஷயம். அதில் வித்தை ஒன்றும் இல்லை.

மரகதம் அம்மா ஓய்வு பெற்று, இடையில் இரண்டு பேர் வந்து போய், தினேஷ் சார் வந்தார். சின்ன வயசு. சத்தம் போட்டுப் பேச மாட்டார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வந்த முதல் வாரமே நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க்கா" என்றார். எனக்குத்தான் உட்காரத் தெரியவில்லை. போனைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்ப்பது அவர் பழக்கம். உதவித்தொகை வாங்கும் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் போட்டார். புதுப்பிக்க வேண்டுமா, வங்கிக் கணக்கில் கோளாறா, ரேகை வைக்க வரவேண்டுமா, எல்லாம் அதில் வரும். "இனி நீங்க மலை மலையா அலைய வேண்டாங்க்கா" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

பொய் சொல்லக்கூடாது. டவுன் பிள்ளைகளுக்கு அது நொம்ப வசதி. முன்பெல்லாம் வராந்தாவில் காலையிலிருந்து நின்று, கிளார்க் சாப்பிடப் போய்விட்டார் என்று திரும்பிப் போவார்கள். இப்போது படுத்துக்கொண்டே எல்லாம் முடித்தார்கள். அடிவாரத்திலிருந்து வரும் பிள்ளைகள் ஒரு தாளுக்காக மலையேற வேண்டியதில்லை. என் முட்டிக்கும் ஓய்வு. எனக்கு டீ வாங்கி வருகிற வேலையும் அறை துடைக்கிற வேலையும் மட்டும் மிஞ்சின.

கோகிலா அப்போது இரண்டாம் வருஷம். நாகலூருக்கு அப்பால், குழிக்குள் இருக்கிற ஒரு ஊர். சாமை, ராகி போடுகிற மலைக்காரர்கள், கொஞ்சம் காப்பியும் உண்டு. அப்பன் பெயர் சடையன். கல்லூரிக்குள் நுழைந்த முதல் பெண் அந்த ஊரில் அவள்தான். உதவித்தொகை வந்தால்தான் விடுதி, விடுதி இருந்தால்தான் படிப்பு. இதில் ஒளிவு மறைவு இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்த ஊரில் டவர் எடுக்காது. வீட்டுக்கு ஒரு போன் இருந்தும் பிரயோசனம் இல்லை என்று, நாகலூரில் ஜாபர் பாய் மளிகைக் கடையில் போனை விட்டுவைப்பார்கள். பாய் கடையில் அரிசி மூட்டைக்கு மேலே ஒரு பலகை. அதில் அந்த ஊர்ப் போன்கள் வரிசையாக இருக்கும். பாய் சார்ஜ் போட்டு வைப்பார். சேதி வந்தால் திறந்து படித்து, சாமான் வாங்க வருகிறவர்களிடம் சொல்லிவிடுவார். கோகிலா விடுதியில் இருக்கும்போது தோழி போனில் பார்த்துக்கொள்வாள். ஊருக்குப் போனால் பாய்தான். குரூப்பில் இருந்தது அவள் வீட்டு நம்பர்.

அந்த மாசி மாதம் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். அதற்கு முந்தியே கோகிலா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். போகும்போது வராந்தாவில் என்னிடம், "எங்கம்மா அம்மை போட்டுப் பொழச்சதுக்கு நாந்தானுங்க மாவிளக்கு எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை அந்த ஊர் ஆட்கள் எல்லை தாண்ட மாட்டார்கள். வெளியாட்களும் உள்ளே தங்க முடியாது.

அவள் போனபிறகுதான் குரூப்பில் சேதி வந்தது. உதவித்தொகை புதுப்பிக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நேரில் வந்து மெஷினில் விரல் ரேகை வைக்க வேண்டும், வராதவர்கள் பெயர் நீங்கிவிடும் என்று.

வெள்ளிக்கிழமை காலை டீ வைக்கும்போது எத்தனை பேர் பாக்கி என்று கேட்டேன்.

"ஒருத்திதாங்க்கா. கோகிலா. வந்துருவா."

"எப்படிங்க சார் வருவா? அவங்க ஊருல காப்புக் கட்டியிருக்குதுங்களே. சேதியே போயிருக்காதுங்க."

அவர் போனைச் சட்டையில் துடைத்து என் முன்னால் நீட்டினார். "இங்க பாருங்க. நீல டிக் விழுந்திருக்கு. அது மட்டுமில்ல, பதிலும் போட்டிருக்கா."

பார்த்தேன். இரண்டு கை கூப்பின படம். கும்பிடு.

"படிச்சு, புரிஞ்சு, சரின்னு கும்பிடும் போட்டுட்டா. இதுக்கு மேல நாம என்னங்க்கா செய்யணும்?"

"அவ போட்டது இல்லீங்க சார் அது. நான் ஒரு எட்டு போயிப் பார்த்துட்டு வர்றேன்."

"நீங்க எதுக்குங்க்கா? ரெக்கார்ட் இருக்கில்ல?"

"எனக்கு அரைநாள் லீவு குடுத்துருங்க."

அவர் சிரித்தார். கோபமெல்லாம் இல்லை. "சரி போங்க. அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. கூட்டிட்டு வந்தா நல்லதுதான்."

அஞ்சு மணி என்று அவர் வாயால் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

நாகலூர் பஸ்ஸைப் பிடித்து பாய் கடைக்கு முன்னால் இறங்கினேன். பாய் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஏனுங்க சரசக்கா, எத்தன வருசமாச்சு! ஆப்பீசுல மறுபடி நடக்க உட்டுட்டாங்களா?"

"அது இருக்கட்டும் பாய். சடையன் ஊட்டுப் போனுக்குக் காலேஜுல இருந்து சேதி வந்துச்சா?"

"வந்துச்சுங்களே. அன்னைக்கே பார்த்துட்டேன். ஊருல இருந்து ஒரு ஆளு வரட்டும் சொல்லலாம்னு பார்த்தா, ஒரு குஞ்சு வரல. காப்புல்ல? நானே போலாம்னாலும், சாமிக்கு விரதம் இருக்கிற ஊருக்குள்ள கறி திங்கிறவன் போயி நிக்கிறது மொறையில்லீங்க."

"அந்தக் கும்பிடு?"

"நாந்தானுங்க போட்டேன்." பாய் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "பெரியவங்க காலேஜுல இருந்து எழுதியிருக்காங்க. பதில் போடாம கெடந்தா அந்த ஊட்டுக்கு மரியாதை இல்லைன்னு நெனச்சுக்குவாங்கல்ல? கண்ணாலச் சேதி வந்தாலும் ஒரு கும்பிடு, எழவுச் சேதி வந்தாலும் ஒரு கும்பிடு. எல்லாப் போனுலயும் அப்படித்தானுங்க. என்னாச்சு?"

நான் சொன்னேன். பாய் முகம் வெளுத்துவிட்டது. தராசுத் தட்டைத் துடைத்த துணியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "அல்லா... நான் நல்லதுக்குப் போட்டனுங்க்கா" என்றார். அவரிடம் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? தெரிந்த ஜீப்காரனைக் கூப்பிட்டு, ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடச் சொன்னார். வாடகை பேசவும் விடவில்லை.

எல்லையில் வழிக்குக் குறுக்கே வேப்பிலை கட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு இந்தப் பக்கமே நின்று, தண்ணீருக்கு வந்த ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன். சடையன் வந்தார். கையில் மஞ்சள் காப்பு. பின்னால் கோகிலா, மாவிடித்த கையோடு. ஊர் மூப்பரும் வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அழகுபடுத்தவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை.

மூப்பர் சொன்னார்: "போகட்டுமுங்க. நாங்க யாரும் தடுக்கல. ஆனா எல்லை தாண்டிப் போனா, காப்பு அவுக்கிற மட்டும் திரும்பி வரக்கூடாது. மாவிளக்கு இந்த வருசம் இல்ல."

"வேண்டுதலுங்கப்பா" என்றாள் கோகிலா. அம்மா தூரத்தில் நின்றுகொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சடையன் என்னிடம் கேட்டார். "ஏனுங்கம்மா, சாமி அடுத்த வருசமும் வரும். இது வருங்களா?"

"வராதுங்க. இன்னைக்கு ரேகை வெக்கலீன்னா பேரு போயிரும்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "போயிட்டு வா சாமி. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வேப்பிலையைக் குனிந்து தாண்டி வந்தாள். ஜீப்பில் வரும்போது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "கையெல்லாம் மாவும் மஞ்சளுமா இருக்குதுங்க. ரேகை விழுமுங்களா?"

"கழுவிக்கலாம் கண்ணு."

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு டீக்கடையில் சோப்பு கேட்டு வாங்கி, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்த மஞ்சளை ஒரு குச்சியால் எடுத்தாள். ஈரத்தைத் தாவணியில் துடைத்தால் பஞ்சு ஒட்டும் என்று, கையை முன்னால் நீட்டிக் காய வைத்துக்கொண்டே கல்லூரி மேட்டில் ஏறி வந்தாள். அலுவலகத்துக்குள் நுழையும்போது மணி நான்கு கூட ஆகவில்லை.

மேசைமேல் ரேகை மெஷின் இல்லை. அதைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டிருந்தார்கள்.

தினேஷ் சார் எழுந்து நின்றுவிட்டார். "வந்துட்டீங்களா... அக்கா, மத்தியானமே லிஸ்டை லாக் பண்ணிட்டேனே."

"அஞ்சு மணின்னு சொன்னீங்களே சார்."

"சொன்னேன். மேல இருந்து போன் வந்துச்சு. முதல்ல முடிக்கிற காலேஜ் பேரை மீட்டிங்கில சொல்லப் போறாங்களாம். பிரின்சிபால் சாரும், உடனே முடிச்சுருங்கன்னுட்டார். எல்லாரும் வந்தாச்சு, ஒரு பேர்தானே..." 

"திறந்து ஒரு விரலு வெக்க முடியாதுங்களா?"

"லாக் பண்ணிட்டா நம்ம கையில இல்லீங்க்கா."

"அவ பேருக்கு நேரா என்னங்க சார் போட்டீங்க?"

கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். "தகவல் கிடைத்தது, வரவில்லை. அந்தக் கும்பிடு போட்ட படத்தை ஆதாரமா சேர்த்திருக்கு."

கோகிலா முன்னால் வந்தாள். "சார், அந்தக் கும்பிடு நான் போடலீங்க சார். கடையில பாய் போட்டாருங்க."

"உங்க நம்பர்ல இருந்துதானேம்மா வந்திருக்கு?"

"ஆமாங்க சார்."

"அப்புறம்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.  அந்தப் பெண் கழுவின கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்ப முடியாது. விடுதியில் இருக்க அவளுக்கு மனசில்லை. காப்பு அவிழ்க்கிற வரை என் வீட்டில் இருந்தாள். சொன்ன வேலையைச் செய்தாள், போட்டதைச் சாப்பிட்டாள். மாவிளக்கு எடுக்கிற அன்றைக்கு மட்டும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

திருவிழா முடிந்ததும் சடையன் வந்தார். நேராக அலுவலகத்துக்கு. துணிப்பையில் திருநீறும், வாழைப்பழமும், சாமைச் சோற்று உருண்டையும் இருந்தன. தினேஷ் சாருக்கு நேராக இரண்டு கையாலும் நீட்டினார். "ஆத்தா பிரசாதமுங்க. புள்ளைய மறக்காம ஆளு உட்டுக் கூப்புட்டீங்க, நொம்ப நல்லதுங்க" என்றார். கல்லூரிதான் என்னை அனுப்பியது என்று நினைத்திருக்கிறார். காரியம் முடிந்தது என்று நினைத்திருக்கிறார். தினேஷ் சார் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார்.  அதைச் சொல்வது என் வேலை இல்லை.

அவரே சொன்னார். சொல்லிவிட்டு, பழக்கதோஷம், போனைத் துடைத்துக் காட்டினார். சடையன் அந்தக் கும்பிடை உற்றுப் பார்த்தார்.

"யாரைக் கும்புட்டதுங்க இது?"

தினேஷ் சார் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சடையன் பிரசாதத்தைத் திருப்பி எடுக்கவில்லை. சாமி கொடுத்ததைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். பையை மட்டும் உதறி மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

நான் முதல்வரிடம் போனேன். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுத்துக் கூட்டி ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பரிசீலிக்கிறோம் என்றார். அந்த வருஷக் கடைசி வரை கோகிலா வந்தாள். விடுதிக் கட்டணத்துக்கு ஒரு மாதம் அப்பன் மிளகு விற்றுக் கொடுத்தார், ஒரு மாதம் வாத்தியார் ஒருவர் கொடுத்தார். மூன்றாம் வருஷம் வரவில்லை. இப்போது ஏரிக்கரைப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை துடைத்துப் படுக்கை விரிக்கிறாள். பார்த்தால் நின்று பேசுவாள். கல்லூரிப் பேச்சை எடுக்க மாட்டாள். ஜாபர் பாய் அன்றிலிருந்து யார் போனையும் தொடுவதில்லை. பலகையைக் கழற்றிவிட்டார். அந்த ஊருக்குப் போகிற சேதி எதுவும் இப்போது போவதில்லை.

அந்த ரேகை வேலை முடிந்த சில மாதங்களில் எங்கள் கல்லூரிக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. மேலிட மீட்டிங்கில் வாசித்துக் கொடுத்தார்களாம். உதவித்தொகை பெறும் மாணவர்கள் நூற்றுக்கு நூறு பேருக்கும் இணையவழி தகவல் சென்றடைந்தது என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. விழாவுக்கு நான்தான் டீ ஊற்றினேன். தினேஷ் சார் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பிரிவு அறைச் சுவரில் மாட்டினார். அந்த நூறில் கோகிலாவும் இருக்கிறாள்.

நான் ஓய்வு பெறும்வரை அந்த அறையைத் துடைக்கும் வேலையும் என்னுடையதாகவே இருந்தது. மேசை, பீரோ, கடிகாரம், சாமி படம், ஜன்னல் கம்பி எல்லாம் துடைத்தேன். கடைசி வாரத்தில் தினேஷ் சார் அண்ணாந்து அந்தப் பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்தார்.

"என்னங்க்கா, அந்தக் கண்ணாடி முழுக்கத் தூசி படிஞ்சு கெடக்கு?"

"படியட்டுங்க சார்" என்றேன்.